புதுக்கட்டளை மதகு: முடி

புதுக்கட்டளை சைட்
29 ஏப்ரல் 2025

அண்ணிக்கு,

மதிவாணன் எழுதுகிறேன். ஒரே குடும்பம், ஆளுக்கு ஒரு போன் கையில் இருக்கிறது, இவன் எதற்குக் காகிதத்தைத் தேடினான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நேற்று திங்கட்கிழமை உங்களோடு மட்டும் பேசுவதாக நினைத்துத்தான், "எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல அண்ணி" என்று சொன்னேன். பின்னாலிருந்து திருவிடைமருதூர் எஞ்சினியர் சதீஷ் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னை ஸ்பீக்கரில் போட்டு ஆபீஸ் முழுக்கக் கேட்க வைத்திருக்கிறீர்கள். அண்ணன் என்னைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு திட்டுவார்.

இனி எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுகிறேன். ஜல்லி லாரி ஓட்டும் ஷேக் பரீத் பாய் வாரம் இரண்டு நடை தஞ்சாவூர் வருகிறார், கொண்டுவந்து கொடுப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். மஸ்கட்டில் எட்டு வருஷம் பெரிய கம்பெனியில் இருந்தவர் நீங்கள். அண்ணன் ஆபரேஷன் முடிந்து படுத்ததும் நம் காண்ட்ராக்ட் ஆபீஸைக் கையில் எடுத்தீர்கள், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒன்பது வேலையையும் சுவரில் ஒட்டி, பரீட்சைப் பேப்பர் மாதிரி மார்க் போட்டு, மார்க் குறைந்த வேலைக்கு ஜேசிபி கிடையாது என்றால் எப்படி? அந்தப் போர்ட்ஃபோலியோவோ என்னவோ, எனக்கு வாயில் நுழையவில்லை. இங்கே நிற்கிற வேலைக்கு மார்க் போட யாரும் நேரில் வரவில்லை.

நீங்கள் பார்க்காததால் சொல்கிறேன். வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் பழைய மதகை இடித்துவிட்டோம். குறுக்கே மண் அடைப்புப் போட்டு உள்ளே புது மதகு கட்டுகிறோம். மேட்டூர்த் தண்ணீர் ஜூன் கடைசியில் இங்கே வந்துவிடும். அப்போது அடைப்பை எடுக்காவிட்டால் தண்ணீர் வடிய வழியில்லாமல் வயலில் ஏறி நிற்கும். ஷட்டர் மாட்டாமல் அடைப்பை எடுத்தால் அமாவாசைக்கு ஏறும் கடல் உள்ளே வரும். உப்பு ஏறிய வயல் எத்தனை வருஷத்துக்கு விளையாது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மங்களாம்பிகை என்று ஒரு அம்மா, வாய்க்காலை ஒட்டி மூன்று ஏக்கர் வைத்திருக்கிறார். தினம் காலையில் கரையில் வந்து நின்று, "ஷட்டர் எப்ப தம்பி?" என்கிறார். நான் என்ன சொல்ல?

ஜேசிபியைத் திருப்பி அனுப்புங்கள். அப்புறம், எனக்கு வருகிற உத்தரவைத் தமிழில் அனுப்புங்கள். சுருக்கமாக.

மதி


தஞ்சாவூர்
2 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்பீக்கரில் போட்டது தப்பு. நான் வேண்டுமென்று செய்யவில்லை, எழுதிக்கொண்டே கேட்பதற்காகப் போட்டேன். மஸ்கட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். இங்கே அது வேறு மாதிரி ஆகும் என்று யோசிக்கவில்லை. சதீஷைக் கண்டித்துவிட்டேன்.

ஆனால் மீதியில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் அண்ணனுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. வந்த வேலைக்கெல்லாம் "பாத்துக்கலாம்" என்று தலையாட்டினார். அப்படி வந்தவைதான் இந்த ஒன்பது வேலை. கான்கிரீட் ஊற்ற நம்மிடம் இருக்கும் சென்டரிங் பலகையும் கொத்தனார் செட்டும் நாலு வேலைக்குத்தான் காணும். திங்கள் இங்கே, வியாழன் அங்கே என்று அதே ஆட்களை அலைய விடுகிறோம். ஒன்பதும் பாதியில் நிற்கிறது, ஒன்றும் முடியவில்லை. யார் சத்தமாகக் கத்துகிறாரோ அவர் சைட்டுக்கு ஜேசிபி போகும், இதுதான் இதுவரை நம் முறை. நீங்கள் நன்றாகக் கத்துவீர்கள், அதனால் உங்களுக்கு இது தெரிந்திருக்காது. அந்த மனிதருக்கு நெஞ்சு வலி சும்மா வரவில்லை, தம்பி.

நான் செய்வது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு சைட்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது. எதை நாம் செய்ய முடியும், எது காத்திருக்கலாம், எதை வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்று மாதம் ஒருமுறை உட்கார்ந்து தீர்மானிப்பது. தீர்மானித்த பிறகு யார் கத்தினாலும் மாற்றாமல் இருப்பது. கடைசியதுதான் கஷ்டம்.

வருகிற 12ஆம் தேதி முதல் கூட்டம். வரச் சொன்னால் வர மாட்டீர்கள் என்று தெரியும். முடிவைத் தமிழில் அனுப்புகிறேன். மூன்றே சொல்: நடத்து, நிறுத்திவை, முடி. இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

அண்ணனிடம் எதையும் போனில் கொட்டாதீர்கள். டாக்டர் ஆறு மாதம் சைட் பேச்சே கூடாது என்றிருக்கிறார்.

ஷோபனா


தஞ்சாவூர்
12 மே 2025

தம்பிக்கு,

இன்றைய கூட்டத்தின் முடிவு. உங்கள் பொறுப்பில் இருப்பவை மட்டும்:

திருவிடைமருதூர் மண்டபம்: நடத்து. (சதீஷ் பார்த்துக்கொள்வார்.)
நீடாமங்கலம் கிடங்கு: நிறுத்திவை.
புதுக்கட்டளை மதகு: முடி.

கடைசியது எளிதாக எடுத்த முடிவு இல்லை. உங்களை நம்பி விடுகிறேன். எப்படியும் தண்ணீர் வருவதற்குள் ஆகிவிட வேண்டும்.

ஷோபனா


புதுக்கட்டளை
15 மே 2025

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. இனி உங்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேச மாட்டேன்.

ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மங்களாம்பிகை அம்மாவிடமும் சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள். முடி என்று சொல்லிவிட்டீர்கள், நான் முடிக்கிறேன். அதற்கு என்ன தேவையோ அதை எடுத்துக்கொள்கிறேன், யாரும் குறுக்கே வரக் கூடாது.

மதி


தஞ்சாவூர்
19 மே 2025

தம்பிக்கு,

எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் குறுக்கே வர மாட்டார்கள்.

நீங்கள் சண்டைக்கு வருவீர்கள் என்று எதிர்பார்த்து இரண்டு நாள் பதில் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இவ்வளவு பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆட்களுக்கு மனக்குறை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷோபனா


தஞ்சாவூர்
31 மே 2025

மதிவாணன்,

நேற்று திருவிடைமருதூரிலிருந்து சதீஷ் போன் செய்தார். மண்டபத்தின் மேல் தளத்துக்குக் கட்டிவைத்திருந்த சென்டரிங் பலகை, முட்டு, எல்லாம் லாரியில் ஏறிவிட்டதாம். இரண்டு கொத்தனார் செட்டும் கூடவே போய்விட்டது. தடுத்த சதீஷிடம், "அண்ணியே எழுதிக் குடுத்துட்டாங்க, போய்க் கேட்டுக்க" என்று சொன்னீர்களாமே!

இன்று காலை மண்டபத்தின் சொந்தக்காரர் சாரங்கபாணி ஆபீஸில் வந்து உட்கார்ந்தார். ஆவணியில் அவர் பெண்ணுக்கு அந்த மண்டபத்தில் முதல் கல்யாணம், பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார். அவர் கத்தவில்லை. "மேல பலகை இருந்துச்சும்மா, இப்ப வானம் தெரியுது" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

உங்களுக்கு என்ன ஆயிற்று? புதுக்கட்டளையை முடி என்றுதானே எழுதினேன்? அந்த வேலையை நமக்குக் கொடுத்த சென்னைக் கம்பெனியிடமே திருப்பி ஒப்படை, ஆட்களை எடு, கணக்கைத் தீர், கிளம்பு. அதுதானே அர்த்தம்? ஒன்பது வேலையில் மார்க் மிகக் குறைந்தது அது. அங்கே பலகையும் கொத்தனாரும் எதற்கு?

ஷோபனா


புதுக்கட்டளை
2 ஜூன் 2025

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் காது அடைத்துவிட்டது.

முடி என்றால் முடி. வீடு கட்டி முடித்தான் என்றால் வீட்டை விட்டுவிட்டு ஓடினான் என்றா அர்த்தம்? "அந்தத் தூணை இன்னிக்கு முடிச்சுடு" என்றால் எந்த மேஸ்திரி கரண்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவான்? "தண்ணீர் வருவதற்குள் ஆகிவிட வேண்டும்" என்றும் எழுதினீர்கள். "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றும் எழுதினீர்கள். இரண்டு கடிதமும் என் பெட்டியில் இருக்கிறது. இங்கிலீஷில் என்ன எழவு சொல்லை நினைத்துக்கொண்டு இதை எழுதினீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது நிலவரம் இது. இரண்டு பக்கச் சுவரும் நெஞ்சளவு எழும்பிவிட்டது. கும்பகோணம் பட்டறையில் ஷட்டர் பாதி ஆகிவிட்டது. இந்த நிலையில் சென்னைக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் ஆள் பிடித்து வர ஆவணி ஆகும். 25ஆம் தேதி அமாவாசை. அதற்கு முன்னால் அடைப்பை எடுக்கச் சொல்லி ஊரில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், மேலே தண்ணீர் வந்துகொண்டிருக்கும். ஷட்டர் இல்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்று ஏப்ரலிலேயே எழுதிவிட்டேன்.

"முடிச்சுக் குடுக்கறோம்மா" என்று அந்த அம்மாவிடம் சொன்னது நான். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன அம்மா மறுநாள் ஆட்கள் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தார். இனி என் வாயால் இல்லை என்று சொல்ல மாட்டேன். வேண்டுமானால் நீங்கள் வந்து சொல்லுங்கள்.

பலகை தர முடியாது.

மதி


தஞ்சாவூர்
5 ஜூன் 2025

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் அண்ணன் படித்துவிட்டார். பரீத் பாய் என் கையில் கொடுக்காமல் வழக்கம்போல முதலாளி கையில் கொடுத்துவிட்டார். இவர் முழுக்கப் படித்து, மடித்து, "ரெண்டு பேரும் நல்லாத்தான் எழுதறீங்க, வேலைதான் நிக்குது" என்றார். ராத்திரி சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், நேராகவே கேட்கிறேன். நிஜமாகவே அப்படித்தான் படித்தீர்களா? இல்லை, உங்களுக்குத் தோதாகப் படித்துக்கொண்டீர்களா? சுவரில் அந்த மதகுக்கு எவ்வளவு மார்க் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு செட் கொத்தனாரை நான் தூக்கிக் கொடுப்பேன் என்று உங்களுக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லையா?

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மற்ற சைட்டுக்கெல்லாம் இங்கிலீஷில்தான் போனது. உங்களுக்காகத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதலில் "கைவிடு" என்றுதான் அடித்தேன். திரையில் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அனாதைப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவது மாதிரி இருந்தது. அழித்துவிட்டு "முடி" என்று போட்டேன், கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று. அந்த மரியாதைதான் இப்போது மண்டபத்தில் வானம் தெரிகிற அளவுக்கு வந்திருக்கிறது.

16ஆம் தேதி வரை சாரங்கபாணி பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பலகை வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அவர் போனால் அவர் பேச்சைக் கேட்டு வந்த இரண்டு வேலையும் போகும், பிறகு இந்தக் கம்பெனியில் போர்டு மட்டும்தான் மிஞ்சும். மதகையும் விட முடியாது, மண்டபத்தையும் விட முடியாது என்றால் எனக்கு வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை.

ஷோபனா


புதுக்கட்டளை
9 ஜூன் 2025

அண்ணிக்கு,

அண்ணன் சாப்பிட்டாரா என்று முதலில் எழுதுங்கள்.

கேட்டதற்குப் பதில். அன்றைக்குக் கடிதத்தைப் பிரித்ததும் சந்தோஷத்தில் கத்திவிட்டேன், அது நிஜம். இரண்டாம் தடவை படித்தபோது, "எளிதாக எடுத்த முடிவு இல்லை" என்ற வரியில் ஒரு நெருடல். நல்ல செய்திக்கு இப்படி யார் எழுதுவார்கள் என்று தோன்றியது. கேட்டுவிடலாம் என்று போனை எடுத்து உங்கள் பெயரையும் அழுத்தப் போனேன். உடனே ஸ்பீக்கரும் சதீஷின் சிரிப்பும் ஞாபகம் வந்தன. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்களைக் கூப்பிடப் போய்விட்டேன். இதைத் தோதாகப் படித்தது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

இப்போது வழி. நேற்று பூரா யோசித்தேன். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்கிறோம்? முறை வைக்கிறோம். தலைமடைக்கு ஒரு வாரம், நமக்கு ஒரு வாரம். பலகைக்கும் முறை வைப்போம். சுவருக்குப் பக்கப் பலகைதான் வேண்டும், அதை இரண்டு நாளில் கழற்றி அடுத்த அடுக்குக்கு ஏற்றிவிடலாம். அடிப்பலகையும் முட்டும் மதகின் மேல் வரும் நடைபாலத்துக்குத்தான். அந்தப் பாலம் இல்லாமலே ஷட்டர் மாட்டலாம். பாலத்தைத் தள்ளிப்போடுகிறேன். அதனால் அடிப்பலகை, முட்டு எல்லாம் நாளை இரண்டு நடையில் திருவிடைமருதூர் போகும். ஒரு கொத்தனார் செட்டும் கூடப் போகும். இங்கே ஒரு செட்டை வைத்துக்கொண்டு சமாளிக்கிறேன். அமாவாசைக்குள் ஆகுமா என்றால், மழை வராவிட்டால் ஆகும்.

இதை முதலிலேயே எல்லாரையும் உட்கார வைத்துப் பேசியிருந்தால் வானம் தெரிந்திருக்காது. இதைத்தான் நீங்கள் அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று இப்போது புரிகிறது. ஆனால் மார்க் போட்டதில் ஒரு தப்பு இருக்கிறது, அதையும் சொல்கிறேன். லாபத்துக்கு மார்க் உண்டு, சீக்கிரம் பில் ஆவதற்கு மார்க் உண்டு. விட்டுவிட்டுப் போனால் பின்னால் என்ன பாழாகும் என்பதற்கு மார்க் இல்லை. அந்த ஒரு கட்டத்தையும் போட்டுப் பாருங்கள்.

மதி


தஞ்சாவூர்
17 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடுகிறார். உங்கள் கடிதத்தை இந்த முறை நானே அவரிடம் கொடுத்தேன். "முறை வைக்கிறானாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மறுசோறு வாங்கிக்கொண்டார்.

பலகை வந்து சேர்ந்தது. சாரங்கபாணி மேல் தளத்தை நம்மிடமே விட்டுவிட்டார். ஆனால் சுற்றுச்சுவரையும் சமையல்கூடத்தையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். முகத்துக்கு நேராகவே சொன்னார். கஷ்டமாகத்தான் இருந்தது, கேட்டுக்கொண்டேன்.

நேற்றுக் கூட்டத்தில் நீங்கள் சொன்ன கட்டத்தைச் சேர்த்தோம். விட்டுவிட்டுப் போனால் என்ன பாழாகும்? சதீஷ்தான் முதலில் மார்க் போட்டார், புதுக்கட்டளைக்கு முழு மார்க். "முடி" என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். இனி "கட்டி முடி" என்று ஒன்று, "கைவிடு" என்று ஒன்று. சகிக்காவிட்டாலும் அதுதான் சொல்.

ஆனால் தம்பி, ஒன்பது ஒன்பதாகவேதான் இருக்கிறது. முறை வைத்தாலும் ஆற்றில் கொஞ்சமாவது தண்ணீர் வேண்டும். கூட்டத்தில் ஒருவர் வாயிலிருந்தும் "கைவிடு" வரவில்லை. எல்லாரும் பட்டியலைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். புதிய கட்டத்தில் பூஜ்யம் வாங்கிய வேலை ஒன்றே ஒன்று, நீடாமங்கலம் கிடங்கு. ரயிலடிக்கு எதிரே மூன்று வருஷமாகத் தூண் மட்டும் நிற்கிறது. விட்டால் யாருக்கும் எதுவும் பாழாகாது, இடத்துக்காரரே வேறு ஆளிடம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்.

அண்ணன் கைபடாமல் நீங்களே பேசி எடுத்த முதல் வேலை அது என்று எனக்குத் தெரியும். கடைக்கால் போட்ட அன்று நீங்கள் எனக்கு மஸ்கட்டுக்குப் படம் அனுப்பினீர்கள், இன்னும் வைத்திருக்கிறேன். அதனால் அந்தச் சொல்லை நான் சொல்லப் போவதில்லை. கூட்டத்திலும் யாரையும் சொல்ல விட மாட்டேன்.

கல்லணை திறந்துவிட்டார்கள். ஜாக்கிரதையாக இருங்கள்.

ஷோபனா


புதுக்கட்டளை
26 ஜூன் 2025

அண்ணிக்கு,

திங்கட்கிழமை ஷட்டர் இறங்கியது. பட்டறைக்காரர் கொண்டுவந்த திருகு முதலில் சிக்கிக்கொண்டது. எண்ணெய் விட்டு, தட்டி, ஒரு வழியாக உட்கார வைத்தோம். மறுநாள் ஜேசிபி அடைப்பை வெட்டியது.

நேற்று அமாவாசை. காலையில் ஊரே கரையில் நின்றது. கடல் ஏறி வந்தது. ஷட்டரின் வெளிப்பக்கம் தண்ணீர் மேலே மேலே வந்து, என் இடுப்பளவுக்கு நின்றது. உள்பக்கம் அசையவில்லை. ஓரத்தில் ஒரு இடத்தில் கசிந்தது. கோணியும் களிமண்ணும் வைத்து அடைத்தோம், ரப்பர் மாற்ற வேண்டும். மங்களாம்பிகை அம்மா உள்பக்கம் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். துப்பவில்லை. "உப்பில்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார், வீட்டுக்குப் போய்விட்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன் அண்ணி, பரீத் பாய் சாட்சி.

மேட்டூர்த் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்கிறார்கள். வந்ததும் இந்தச் செட்டையும் திருவிடைமருதூர் அனுப்பிவிடுகிறேன். நடைபாலத்தை மண்டபம் ஆன பிறகு பார்ப்போம், முறைப்படி.

இனி நீங்கள் சொல்லாமல் விட்டது. உங்கள் கடிதம் வந்து ஒரு வாரமாகச் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு நாள் நீடாமங்கலம் போய் வந்தேன். தூண்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியெல்லாம் துருப்பிடித்துவிட்டது. யாரோ ஆடு கட்டியிருக்கிறார்கள். ஒரு தூணில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று வருஷமாக, அடுத்த மாதம் ஆரம்பிக்கிறோம் என்று இடத்துக்காரரிடமும் சொல்லி, எனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவிழ்த்து விட்டால் ஆடு ஓடிவிடும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

நீடாமங்கலம் கிடங்கு: கைவிடு.

எழுதிவிட்டேன். ஆனால் காகிதத்தில் எழுதினால் யார் எப்படிப் படிப்பார்களோ, நமக்குத்தான் ராசி தெரியுமே. திங்கட்கிழமை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். ஸ்பீக்கரில் போடுங்கள். நானே சொல்கிறேன்.

மதி